போட்டோவுக்குப் பொருந்த ஒரு தாடை: ஆவடியிலிருந்து சென்னீர்குப்பம் வரை

ஆவடியிலிருந்து சென்னீர்குப்பத்துக்கு ஒன்பது கிலோமீட்டர்தான். இதற்கெல்லாம் பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். தாடையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை பற்றி இணையத்தில் தேடினால் விளம்பரங்கள் கொட்டுகின்றன, போய்வந்தவர் எழுதியது ஒன்றும் அகப்படவில்லை. நான் கடந்த ஜூனில் போய்வந்தேன்.

எனக்கு அப்பாவின் தாடை. அகலம், இரு பக்கமும் மூலை வைத்த மாதிரி. முப்பத்தோரு வயதுக்குள் மூன்று வரன்கள் அதைச் சொல்லியே தட்டிப்போயின. நான்காவதாக, திருமழிசைக்காரர்கள் ஜாதகத்தோடு போன போட்டோவுக்குச் சரி என்றார்கள். அதற்குப் பிறகுதான் போட்டோவை நானே உற்றுப் பார்த்தேன். ஸ்டுடியோக்காரர் யாரையும் கேட்காமல் தாடையின் இரண்டு மூலைகளையும் சீவி எடுத்திருந்தார்.

“இப்ப போயி போட்டோ பொய்னு சொல்ல முடியுமா? நீ அதுக்கு ஏத்தா மாதிரி ஆயிட்டா யாரு கேக்கப் போறா?” என்றார் அம்மா.

அம்மா மேல் பழி போட மாட்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதனை செய்கிறவள் நான். எங்களுக்கு டிராயிங்தான் வேதவாக்கு. பீஸ் அதற்குப் பொருந்தவில்லையென்றால் பீஸைத்தான் அரம் போட்டு ராவுவோம், டிராயிங்கில் கைவைக்க மாட்டோம். பன்னிரண்டு வருடம் ஊறிய அந்தப் புத்தியோடு, போட்டோவை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். வீக்கம் வடியும்வரை பெண் பார்க்க வராமலிருக்க, மாப்பிள்ளை வீட்டாரிடம் புனேயில் இரண்டரை மாதப் பயிற்சி என்று சொல்லிவைத்தோம்.

காலை 5.40க்கு குவார்ட்டர்ஸ் வாசலில் ஆட்டோ. 280 ரூபாய். ஷேர் ஆட்டோவில் நாற்பதுதான், ஆனால் அன்று யார் முழங்காலோடும் இடித்துக்கொண்டு உட்காரும் மனநிலை எனக்கில்லை. பருத்திப்பட்டு தாண்டியதும் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வானமும் மூடிக்கொண்டிருந்தது.

“இன்னாமா, ஆஸ்பத்திரியா? யாருக்கு?” என்றார் டிரைவர்.

“பொண்ணுக்கு. பல்லு” என்றார் அம்மா.

“பல்லு புடுங்கறதுக்கா இம்மாந்தூரம்? ஆவடிலயே தெருவுக்கு ஒண்ணு கீதே!”



6.15க்கு இறங்கினோம். ஆஸ்பத்திரி டைல்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடி, லிஃப்ட் உண்டு. கையெழுத்துப் போட வேண்டிய தாளில், கீழுதடு மரத்துப்போகலாம், சிலருக்கு அது நிரந்தரமாகவும் நிற்கலாம் என்று இருந்தது. டாக்டர் அதை இரண்டு முறை படித்துக்காட்டினார். “இன்னும் ஒரு வாரம் யோசிச்சிட்டு வாங்கம்மா, ஒண்ணும் குடி முழுகிடாது” என்றார்.

“பொண்ணு பாக்க வர்றாங்க சார், அதுக்குள்ள வீக்கம் வடியணும்” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

வாய்க்குள்ளேயே கீறி எலும்பைச் செதுக்குவதால் வெளியே தழும்பு தெரியாது. மூன்றரை மணி நேரம், ஒரு இரவு தங்கல், மொத்தம் இரண்டு லட்சத்து எழுபதாயிரம். மறுநாள் பகல் 11.30க்கு, தலையைச் சுற்றிக் கட்டோடு, காரில் 450 ரூபாய்க்குத் திரும்பினோம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் கண்ணில் நீர் முட்டியது. கதவைத் திறந்த அப்பா என்னைப் பார்த்தார். தன் தாடையை ஒருமுறை தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. கட்டுப் போட்ட வாயால் சரியாக அழவும் முடியவில்லை.

இரண்டரை மாதத்தில் வீக்கம் வடிந்தது. போட்டோவும் முகமும் அப்படியே பொருந்தின. ஒரு ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வந்தார்கள். என்னையும் அவரையும் பேசிக்கொள்ளச் சொல்லி வராந்தாவில் விட்டார்கள். இருவர் கையிலும் காபி. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்கள எனக்கு முன்னாடியே தெரியுங்க” என்றார். “எஸ்டேட் ஸ்டாப்புல நானும் பஸ் ஏறுவேன். போட்டோ வந்தப்ப எங்க ஊட்ல தயங்கினாங்க. போட்டோதான் சரியா வுழல, நேர்ல ரொம்ப நல்லா இருப்பாங்கன்னு நான்தான் சம்மதிக்க வெச்சேன். இன்னாங்க பண்ணிகினீங்க?”

அவர் கைக்குட்டையை நீட்டினார். உதட்டோரம் காபி வழிந்து புடவையில் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியவே இல்லை.

நான்கு நாள் கழித்துத் தரகர் ஃபோன் செய்தார். “பையன் வேணான்றாரும்மா. பொண்ணு, அவரு பாத்த மாதிரி இல்லயாம்.”

போட்டோ தப்பு என்று ஒரு ஃபோன் போட்டுச் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல வெட்கப்பட்டேன், எலும்பை வெட்டிக்கொள்ள வெட்கப்படவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் மேல் இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். திரும்பும்போது கார் பிடியுங்கள், ஆட்டோ வேண்டாம். பத்து நாளைக்குக் கஞ்சியும் வடிகட்டிய சூப்பும்தான், வீட்டில் சொல்லிவையுங்கள். டாக்டர் ஒரு வாரம் யோசிக்கச் சொன்னால் ஒரு மாதம் யோசியுங்கள். மூன்று மாதம் தாண்டியும் உதட்டில் உணர்வு வராவிட்டால், சின்னதாக ஒரு கைக்கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேன்டீனில் டிபன் பாக்ஸ் மேல் அதைச் சாய்த்து வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறேன். ரசம் வழிவதை அதில் பார்த்தால்தான் எனக்குத் தெரியும்.