நடு அடுக்கில் ஒரு வெட்டு

எனக்குச் சந்தேக புத்தி உண்டு. அதை நானே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் என் கணவர் சொல்லிவிடுவார். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். காய்காரர் எடை போடும்போது தராசைப் பார்க்கமாட்டேன், அவர் விரலைப் பார்ப்பேன். "உன்ன டோல்கேட்ல உக்கார வச்சா ஒரு வண்டி தாண்டாது" என்பார் கணவர். அவர் தினமும் செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் தாம்பரம் போய் வருகிறவர். ஊரில் எல்லாரும் நல்லவர்கள் என்று நம்பியே இதுவரை மூன்று குடைகளைத் தொலைத்திருக்கிறார்.

இந்தப் புத்திதான் எனக்குத் தொழிலையும் கொடுத்தது. அவருடைய பர்ஸ் பின்பாக்கெட்டில் கட்டி மாதிரி புடைத்துக்கொண்டிருக்கும். அப்படி என்னதான் வைத்திருக்கிறார் என்று ஒருநாள் அவர் குளிக்கப் போன நேரத்தில் பிரித்துப் பார்த்தேன். நான்கு கார்டு, சீசன் டிக்கெட், எங்கள் மகள் பல் விழுந்த வயதில் எடுத்த போட்டோ, அவ்வளவுதான். கனம் பர்ஸிலேயே இருந்தது. பிளேடை எடுத்துத் தையலை அறுத்துப் பார்த்தேன். கார்டு வைக்கும் அறைகள் நான்கும் அடிவரை முழுத்தோலாக, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஈரம் சொட்ட வெளியே வந்தவர் பர்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சட்டை போட்டுக்கொண்டார்.

அப்போது நான் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் பேட்டர்ன் வெட்டும் பிரிவில் இருந்தேன். அட்டையில் அளவு வெட்டிக் கொடுப்பது வேலை. அந்த அட்டையை வைத்துத்தான் மற்றவர்கள் தோலை வெட்டுவார்கள். கம்பெனியை மூடியதும் வீட்டு மாடியறையில் நானே பர்ஸ் வடிவமைக்க ஆரம்பித்தேன். நான்கைந்து விலையுயர்ந்த பர்ஸ்களைக் காசு கொடுத்து வாங்கிக் கிழித்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். இதைச் சொல்ல எனக்கு அப்போது வெட்கமாக இல்லை.

ஒல்லியான பர்ஸ் என்றால் மெல்லிய தோலில் தைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். மெல்லிய தோல் ஆறு மாதத்தில் வாய் பிளந்து தொங்கிவிடும். விஷயம் அடுக்கில் இருக்கிறது. என் பர்ஸில் முன்னால் இருக்கும் அறை மட்டும்தான் அடிவரை தோல். அதற்குப் பின்னால் இருப்பவை மேலே பார்வைக்குத் தோலாக இருக்கும், கண்ணில் படாத கீழ்ப்பகுதி மெல்லிய துணியாக மாறிவிடும். ஓரங்களை வெங்காயச் சருகு போலச் சீவிவிட்டால் நான்கு அடுக்கு சேரும் இடம்கூடக் கையில் உறுத்தாது. மடிப்பில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பர்ஸ் சாகிற இடம் மடிப்புதான். அங்கே வெளித்தோலுக்கும் உள்துணிக்கும் நடுவே, இரண்டு விரல் அகலத்தில் ஒரு ஆட்டுத்தோல் பட்டையை ஒட்டிவிடுவேன். நடு அடுக்கு என்று அதற்குப் பெயர். வெளியிலிருந்து பார்த்தால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அட்டை வெட்டுவது நான். தோலை வெட்டி, சீவி, ஒட்டி, தைப்பது கருங்குழியில் இருக்கும் ஒருத்தி. கம்பெனியில் தையல் வரிசையில் இருந்தவள், என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். என்னை அக்கா என்பாள், வாயைத் திறந்தால் வெட்டொன்று துண்டு இரண்டு. அவள் கைக்கு ஈடு கிடையாது. நான் ஒரு நூல் அளவு தவறினாலும் அவள் கட்டைவிரல் கண்டுபிடித்துவிடும். தப்பாக ஒட்டிவிட்ட துண்டை அவள் தூக்கி எறியமாட்டாள். கொல்லையில் குளியலறைக்குப் போட்ட தகரக் கூரையில், உச்சி வெயிலில் பத்து நிமிடம் வைப்பாள். ஒட்டிய சொல்யூஷன் பசை இளகி, அடுக்குகள் வாழைப்பட்டை மாதிரி கிழியாமல் உரிந்து வரும். ஐந்து வருடம் இப்படி ஓடியது. அவள் இல்லாவிட்டால் என் தொழில் இல்லை. அதைவிட, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிற நான், சரிபார்க்காமல் நம்பிய ஒரே ஆள் அவள்தான்.

மாமல்லபுரத்தில் ஒரு கடைக்கு என் பர்ஸ்கள் போகும். ஒருநாள் சரக்குக் கொடுத்துவிட்டுக் கடற்கரைக்குப் போகும் தெருவில் நடந்துகொண்டிருந்தேன். தொப்பிக்கும் சங்குமாலைக்கும் நடுவில் என் பர்ஸ் தொங்கியது. ஆனால் அது என்னுடையது இல்லை. பெருவிரல் வைக்க நான் கொடுக்கும் சரிவு அப்படியே இருந்தது. சரி, பார்த்து வரைந்திருப்பான் என்று நினைத்து அறைக்குள் விரலை விட்டேன். கீழே துணி தட்டுப்பட்டது.  உள்ளே இருப்பதை எப்படிப் பார்த்து வரைவான்?

என் அட்டை இரண்டே இடத்தில்தான் இருக்கிறது. ஒன்று என் வீட்டு அலமாரியில், பூட்டுக்குள். இன்னொன்று கருங்குழியில். அவளுடைய தம்பி, கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவன், அதே கடற்கரைத் தெருவில்தான் பை விற்கும் கடையில் வேலை பார்க்கிறான். இதற்குமேல் என்ன வேண்டும்?

கணவரிடம் சொன்னேன். "போய் நேரா கேட்டுடு" என்றார். கேட்டால் இல்லை என்பாள், அப்புறம் நான் எதை வைத்துப் பேசுவது? பொறி வைத்தால்தான் மாட்டுவாள் என்று முடிவு செய்தேன்.

அடுத்த மாடலுக்கு அட்டை வெட்டும்போது, நடு அடுக்குப் பட்டையின் இடது ஓரத்தில் ஒரு நகம் அளவுக்கு அரைவட்டமாக ஒரு வெட்டு கொடுத்தேன். தேவையே இல்லாத வெட்டு. எந்தத் தொழில் தெரிந்தவனும் அங்கே வெட்டமாட்டான். காப்பியடித்தவன் பர்ஸுக்குள் அந்த வெட்டு இருந்தால், அட்டை அவள் வீட்டிலிருந்துதான் போயிருக்கிறது என்று அர்த்தம். மடிப்பு அந்த இடத்தில் பலவீனப்படும் என்று எனக்குத் தெரியும். ஒரு வருடமாவது தாங்கும், அதற்குள் ஆளைப் பிடித்துவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அட்டையைக் கொடுத்தபோது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அட்டைகளை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. மிஷின் மேல் வைத்துவிட்டு, "இன்னாக்கா, மூஞ்சி ஒரு மாதிரி கீது? ஒடம்பு சரி இல்லியா?" என்றாள். நடிக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கொடுத்த டீயைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை.

நாற்பது பர்ஸ் தைத்து வந்தது. பாதி மாமல்லபுரம் போனது, பாதி நாவலூரில் ஐ.டி. கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் சொல்லி வைத்து வாங்கிக்கொண்டார்கள். நான் ஒன்றையும் பிரித்துப் பார்க்கவில்லை. அவள் தைத்ததை என்றுமே பிரித்துப் பார்த்ததில்லை. அதன்பிறகு இரண்டு மாதம், அவள் போனில் பேசும்போதெல்லாம் பின்னால் யார் குரல் கேட்கிறது என்றே கவனித்தேன். தம்பி வந்திருக்கிறானா? எதற்கு வந்தான்? ஒருமுறை அவள், "தம்பி மீன் கொண்டாந்துகீறான், நீயும் வந்துட்டு போயேன்" என்றாள். மீன் மட்டும்தானா என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை புது மாடலும் அதே தெருவில் தொங்கியது. தம்பி வேலை பார்க்கும் கடையில் இல்லை, அதற்கு எதிர்க்கடையில். அதிலும் எனக்குச் சூது தெரிந்தது. தான் வேலை பார்க்கும் கடையிலேயே தொங்கவிட அவன் என்ன முட்டாளா? ஒன்றை வாங்கிக்கொண்டு செங்கல்பட்டு பஸ் ஏறினேன். திருக்கழுக்குன்றம் வரும்வரைகூடப் பொறுக்க முடியவில்லை. மடியில் வைத்து பிளேடால் மடிப்பை அறுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மா, புது பர்ஸைக் கிழிக்கும் என்னைப் பார்த்துக் கூடையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

நடு அடுக்கில், இடது ஓரத்தில், நகம் அளவுக்கு அரைவட்டம் இருந்தது. அந்த வெட்டுக்குள் அதே அளவில் ஒரு சின்னத் தோல் துண்டை ஒட்டி அடைத்திருந்தார்கள். திருடியது போதாதென்று தப்பைத் திருத்தியும் இருக்கிறான் என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம். அது அடங்கியதும் அழுகை வந்தது.

செங்கல்பட்டில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் அடுத்த பஸ்ஸில் கருங்குழி போனேன். மத்தியானம் ஒரு மணி இருக்கும். அவள் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். அதே மாடலில் அடுத்த தவணைப் பர்ஸ்கள் தைத்து முடித்து, பாயில் வரிசையாகக் கிடந்தன. கிழித்த பர்ஸை அவள் மடியில் போட்டேன்.

"உன் தம்பிகிட்ட அட்டைய குடுத்தியா?" என்றேன்.

"இன்னா அட்டை?"

"என் அட்டை. அந்தத் தெருவுல தொங்குது பார். நடுவுல என் வெட்டு இருக்கு. அது ஒனக்குக் குடுத்த அட்டையில மட்டும்தான் இருந்துச்சு."

அவள் பர்ஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கட்டைவிரலால் அந்த அரைவட்டத்தைத் தடவினாள். பிறகு எழுந்து, பாயில் கிடந்த எங்கள் பர்ஸ் ஒன்றை எடுத்து, மடிப்புத் தையலை அறுத்துக்கொண்டே கொல்லைக்குப் போய்த் தகரக் கூரையில் வைத்தாள். பத்து நிமிடம் நாங்கள் இரண்டு பேரும் வெயிலில் நின்றோம். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. எடுத்து உரித்து என்னிடம் நீட்டினாள்.

நடு அடுக்கில் அதே அரைவட்டம். அதற்குள் ஒரு சின்னத் தோல் துண்டு, ஓரம் சீவி, மேடு தெரியாமல் ஒட்டப்பட்டிருந்தது. எதிர்க்கடைக்காரன் ஒட்டியது அதைப் பார்த்து ஒட்டியதுதான் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அவனுடையது முரடாக இருந்தது.

"இந்த ஒட்டு நான் போட்டது" என்றாள். "அடுத்த தவணைக்கும் சேத்து பட்டைய வெட்டிப் போட்டப்பறம்தான் நீ அட்டைய தப்பா வெட்டிகீறேன்னு தெரிஞ்சிச்சி. அப்டியே வுட்டா மடிப்புல பூடும். நாப்பதுலயும் ஒவ்வொண்ணா வெட்டி ஒட்னேன், இப்போ இதுலயும் ஒட்டிகீறேன். அட்டைய குடுத்திருந்தா அதுல வெட்டு மட்டும்தானக்கா இருக்கும்? ஒட்டு எங்கேந்து வரும்? காப்பியடிச்சவன் உன் பர்ஸ கடையில காசு குடுத்து வாங்கி, நம்மள மாதிரியே வெயில்ல வச்சி உரிச்சிகீறான். இந்த ஒட்டுதான் பலத்துக்கு மருந்துன்னு நெனச்சிகினு அதையும் சேத்து அடிச்சிகீறான், லூசு."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

நானே நான்கைந்து பர்ஸ்களை வாங்கிக் கிழித்துத்தானே தொழில் கற்றேன். இன்னொருவன் என்னுடையதைக் கிழிப்பான் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. எல்லார் மேலும் சந்தேகப்படுகிற புத்தி, தேட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேண்டியவளிடம் போய் நின்றிருக்கிறது.

"ஒட்டு போட்டத ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

"அன்னிக்கி உன் மூஞ்சி சரி இல்ல. வூட்ல ஏதோ பேஜாரு போல, அதான் கை தப்பிகீதுன்னு நெனச்சேன். சொன்னா நீ இன்னும் நொந்துப்ப. ஒட்டிட்டா போச்சின்னு வுட்டுட்டேன்." என் கையிலிருந்த உரித்த பட்டையை வாங்கி, அந்த ஒட்டைக் கட்டைவிரலால் தடவினாள். பிறகு, குரலை உயர்த்தாமல் கேட்டாள்: "தெரிஞ்சேதான் வெட்னியாக்கா?"

பொய் சொல்ல நல்ல சமயம். அவளே ஒரு காரணத்தை எடுத்துக் கொடுத்திருந்தாள். கை தப்பிவிட்டது என்று சொன்னால் நம்பியிருப்பாள்.

"தெரிஞ்சேதான்" என்றேன்.

அவள் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே போய் மிஷினில் உட்கார்ந்து நூல் கோத்தாள். நான் வாசற்படியில் கொஞ்ச நேரம் நின்றேன். மன்னிப்புக் கேட்டேன். "சரிக்கா, பஸ் பூடும், கெளம்பு" என்றாள். ஐந்து வருடத்தில் முதல் முறையாக அவள் வீட்டிலிருந்து டீ குடிக்காமல் வந்தேன்.

வேலையை அவள் விடவில்லை. விட்டுவிடுவாள் என்று ஒரு மாதம் பயந்துகொண்டிருந்தேன். அந்த நாற்பதில் ஒன்றுகூட மடிப்பில் போய்த் திரும்பி வரவில்லை. காப்பியடித்தவன் இன்னமும் அந்த அரைவட்டத்தை வெட்டி வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறான். அந்தத் தெருப்பக்கம் போனால் நான் விரலை விட்டுப் பார்ப்பதில்லை.

இப்போது புது மாடலுக்கு அட்டை கொண்டுபோனால் அவள் முன்பு மாதிரி மிஷின் மேல் வைத்துவிடுவதில்லை. "இதுல ஒண்ணும் இல்லியேக்கா?" என்று கேட்கிறாள். "ஒண்ணும் இல்லம்மா" என்கிறேன். தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறாள். பிறகு ஒவ்வொரு அட்டையாக எடுத்து, சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரலால் ஓரம் முழுவதும் தடவிப் பார்க்கிறாள். அவள் பார்த்து முடிக்கிறவரை நான் நின்றுகொண்டிருக்கிறேன்.