கடைசிப் பக்கத்தில் வந்த பல்வலிக்காரி

பிள்ளைகளே, நான் சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் காய்கறி விற்பவன். படித்தது குறைவு. ஆங்கிலப் புத்தகம் என்றால் கொஞ்சம் தள்ளியே நிற்பேன். அப்படிப்பட்டவனையும் ஒரு கதை பிடித்து இழுத்துவிட்டது.

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் என் மகளுக்குத் தமிழ் வாய்மொழித் தேர்வு வந்தது. பேசிப் பழகுவதற்காக, தான் படித்துக்கொண்டிருந்த மூன்று பாகக் கதையை எனக்குத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். பெரிய கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு நகரம். பிள்ளைகளுக்குப் பத்து வயதானதும், அங்கே ஆளும் தலைவி இயந்திரம் வைத்துக் குடும்ப ஞாபகத்தை அழித்துவிடுவாள். அம்மா, அப்பா யாரென்று தெரியாத பிள்ளை சொன்னபடி கேட்குமாம்! கதாநாயகி தப்பித்துவிடுகிறாள், அவள் தம்பி மாட்டிக்கொள்கிறான். இரண்டாம் பாகத்தின் முடிவில் அக்காள் எதிரே வந்து நிற்கிறாள். அவனோ, "யார் நீ?" என்கிறான்.

அங்கே நிறுத்திவிட்டாள் மகள்.

"அப்புறம்?"

"எக்ஸாம் முடிஞ்சிடுச்சுப்பா. மூணாவது புக்க நீங்களே படிங்க."

"அந்தப் பையனுக்கு ஞாபகம் வருமா, வராதா? அத மட்டும் சொல்லும்மா."

"சொல்ல மாட்டேன் லா!"

தோ பாயோ நூலகத்திலிருந்து அவளே எடுத்துக் கொடுத்தாள். செங்கல் கனம். வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் கத்தரிக்காய்ப் பெட்டிமேல் உட்கார்ந்து, கைப்பேசியில் அர்த்தம் தேடித் தேடிப் படித்தேன். எறும்புகூட என்னை முந்தியிருக்கும். அந்தப் பையனை நினைத்து மனசு கேட்கவில்லை. கடைசி அத்தியாயத்தைப் பிரித்துவிட்டேன்.

தலை சுற்றியது. கண்ணாடி நகரம் இல்லை. அக்காள், தம்பி இருவருமே இல்லை. பறக்கும் கப்பலில் ஒரு கொள்ளைக்காரி பல்வலியால் கத்திக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போனதும் மகளைப் பிடித்தேன். "என்ன கதை இது? தம்பி எங்க? பல்வலிக்காரி எங்கேருந்து வந்தா?"

அவள் விழித்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா! அது வேற புக்கு! அடுத்து வரப்போற கதையோட முதல் சாப்டர விளம்பரத்துக்காகக் கடைசில போட்டிருக்காங்க. நல்லா வேணும் உங்களுக்கு!"

"வெண்டைக்கா நுனிய ஒடிச்சுப் பாக்குற கஸ்டமர மட்டும் திட்டுவாரு," என்றாள் என் மனைவி.

அதன்பிறகு ஒழுங்காக வரிசைப்படி படித்தேன். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே, வாய்ட் டெக் என்கிற திறந்த தரைத்தளத்துப் பெஞ்சில்தான் கடைசி அத்தியாயம் முடிந்தது. முடிவைச் சொல்லப் போகிறேன். வேண்டாம் என்பவர்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இயந்திரத்தை உடைத்துவிட்டார்கள். தலைவியைக் கொல்லவில்லை, ரொட்டி வாங்கும் வரிசையில் கடைசி ஆளாக நிற்க வைத்தார்கள். சாப்பாட்டுக்கு வரிசை பிடிக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு அந்த நியாயம் நன்றாகவே புரியும்.

தம்பி? நம் சினிமா மாதிரி தலையில் அடிபட்டு ஞாபகம் திரும்பும், இல்லாவிட்டால் ஒரு குடும்பப் பாட்டாவது வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அக்காளும் அழுது வற்புறுத்தவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவனிடமிருந்து சற்றுத் தள்ளியே நின்றாள். அவன் அவளை வெகுநேரம் பார்த்தான். பிறகு நகர்ந்து இடம் விட்டு, "உட்காரு," என்றான். கதை அவ்வளவுதான்.

மேலே போனேன். மகள் கதவருகில் நின்று என் முகத்தையே பார்த்தாள்.

"அழுதீங்களா?"

"வெங்காயம்."

"வாய்ட் டெக்லயா?"

நான் பேச்சை மாற்றவில்லை. "அவனுக்கு ஞாபகமே வரலியேம்மா. ஆனாலும் பரவால்ல போல இருக்கு."

"அதான்பா எனக்கும் புடிச்சுது! இத உங்ககிட்ட சொல்லாம இருக்க எவ்ளோ கஷ்டப்பட்டேன் தெரியுமா?"

அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். நானும் விடவில்லை. சோறு ஆறியதுதான் மிச்சம்.