அண்ணன் மகனுக்குப் போட்ட காவல்

கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவளுக்கு என்ன கவலை இருக்கும்? சாம்பார் பத்துமா, பூ வாடிவிடுமா, சம்பந்தி முகம் கோணுமா, இவ்வளவுதான். எனக்கு அந்தக் கவலைகள் வந்து உட்கார இடமே இல்லை. என் அண்ணன் மகன் கல்யாணத்துக்கு வந்துவிடுவானோ என்கிற ஒரே பயம் வயிறு முழுக்க இருந்தது. அதைவிடக் கொடுமை, என் அண்ணன் வராமல் போய்விடுவானோ என்கிற பயமும் அதே வயிற்றில்தான் இருந்தது. அப்பன் வரவேண்டும், மகன் வரக்கூடாது. இப்படி ஒரு வேண்டுதலை எந்தச் சாமியிடம் வைப்பது? எங்கள் ஊர்ப் பழமலைநாதர் சந்நிதியில் போய் நின்றேன். கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

விஷயம் இதுதான். அண்ணனுக்குக் கருவேப்பிலங்குறிச்சியில் விவசாயம். அண்ணி தவறிப்போனதிலிருந்து அந்த வீட்டில் அப்பனும் மகனும் மட்டும். என் மகள் பிறந்த அன்று, “எங்க வூட்டு மருமவ பொறந்துட்டா” என்று ஆஸ்பத்திரியில் இருந்த நர்ஸ், வாட்ச்மேன் வரைக்கும் மிட்டாய் கொடுத்தவன் என் அண்ணன். முறைப்பையன், முறைப்பெண் என்று சொல்லிச் சொல்லியே இரண்டையும் வளர்த்தோம். மகள் படித்துச் சென்னையில் வேலைக்குப் போன பிறகு ஒரு நாள், “அவன்கூட ஒரே தட்டுல சாப்ட்டு வளந்தேம்மா. என்னால முடியாது, விட்டுடு” என்றாள். நான் விட்டுவிட்டேன். அண்ணன் விடவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலை விட்டு இறங்கியவன் திரும்ப மிதிக்கவில்லை.

அப்புறம் சிதம்பரம் பக்கத்தில் மாப்பிள்ளை அமைந்தார். நிச்சயம் முடிந்த சூட்டோடு, என் வீட்டுக்காரரோடு பீங்கான் கம்பெனியில் சூளை வேலை பார்க்கிறவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தார். வேப்பூரில் ரோட்டோர ஓட்டல் ஒன்றில் தன் காதால் கேட்டாராம். என் அண்ணன் மகன் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, நல்ல போதையில், “எவன் வந்து தாலி கட்றான்னு நானும் பாக்கறன்” என்று மேசையைக் குத்தினானாம்.

என் வீட்டுக்காரர் சாதுவான மனுஷன். யோசித்து யோசித்து, “போலீஸ்ல ஒரு வார்த்த சொல்லி வெச்சிடலாமா?” என்றார்.

“எங்க அண்ணன் மவன் மேல நானே போயி புகார் குடுக்கணுமா? அதுக்கு என்னியக் கொண்டுபோயி மணிமுத்தாத்துல தள்ளிட்டு வாங்க” என்று கத்தினேன்.

போலீஸ் இல்லையென்றால் நான்தான் போலீஸ். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பேசி வைத்திருந்த மண்டபத்துக்கு மூன்று பக்கம் வாசல் என்பதால் வேண்டாம் என்றேன். ஜங்ஷன் ரோட்டில் ஒரே கேட் உள்ள மண்டபத்தைப் பிடித்தோம். டிஜே வேண்டாம். ஆட்டம் என்றால் கூட்டம், கூட்டம் என்றால் தள்ளுமுள்ளு, அதில் எவன் உள்ளே நுழைந்தான் என்று யாருக்குத் தெரியும்? பேனரும் வேண்டாம். ஒரு பேனரைக் கிழித்தாலே போதும், எங்கள் ஊரில் மண்டை உடைய வேறு காரணம் தேவையில்லை. கரண்ட் போனால் இருட்டில் ஏதாவது ஆகிவிடும் என்று ஜெனரேட்டருக்கு மேல் இன்னொரு ஜெனரேட்டர். சமையற்கட்டின் பின்கதவுக்குப் பூட்டுப் போடச் சொன்னேன். “அப்ப அரிசி களைஞ்ச தண்ணிய என் தலைலயே ஊத்திக்கட்டா?” என்று சமையல்காரர் கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே போய் நின்றார். அவரைச் சமாதானம் செய்து உள்ளே அழைத்து வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கடைசியாக, கடலூரிலிருந்து சீருடை போட்ட செக்யூரிட்டி ஆட்களைக் கேட்டுக்கு ஏற்பாடு செய்தோம். என் போனிலிருந்து அண்ணன் மகன் போட்டோவை அவர்களுக்கு அனுப்பினேன். “இந்தப் பையன் வந்தா உள்ள விடாதீங்க, சத்தம் போடாம என்னியக் கூப்பிடுங்க” என்றேன். சந்தேகப்படும்படி யார் வந்தாலும் பத்திரிகையைக் கேளுங்கள் என்று என் வீட்டுக்காரர் தன் பங்குக்குச் சொல்லிவைத்தார். இன்றைக்கு யாராவது கேட்டாலும் காவல் போட்டது தப்பில்லை என்றுதான் சொல்வேன். பெண்ணைப் பெற்றவள் வேறு என்னதான் செய்வாள்?

ஆனால் அண்ணன் வந்தே ஆகவேண்டும். எங்களில் தாய்மாமன் சீர் கொண்டுவந்து, தன் கையால் மாலை போட்டால்தான் பெண் மேடையேறும். அதற்கு மாற்று ஆள் கிடையாது. வெற்றிலை பாக்குத் தட்டோடு நானும் என் வீட்டுக்காரரும் கருவேப்பிலங்குறிச்சிக்குப் போனோம். பத்திரிகையில் தாய்மாமன் என்று அச்சடித்திருந்த தன் பெயரை அண்ணன் விரலால் தடவிப் பார்த்தான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. தட்டை மட்டும் வாங்கிக்கொண்டான். மகன் டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீயும் வாப்பா என்று நானும் கூப்பிடவில்லை.

வரவேற்பு அன்று சாயந்திரம் பன்னீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்தேனே தவிர, கண் முழுக்க ரோட்டில்தான். ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் கேட்டை எட்டிப் பார்ப்பேன். உள்ளே போனால் மகள், “மாமா வந்துட்டாராம்மா?” என்பாள். வெளியே வந்தால் சம்பந்தியம்மா, “பொண்ண எப்பங்க மேடைக்குக் கூட்டியாருவீங்க?” என்பார்கள். “அலங்காரம் முடியலீங்க” என்று கூசாமல் புளுகினேன். அலங்காரம் முடிந்து, பாவம், அவள் உட்கார்ந்த இடத்திலேயே வேர்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை வீட்டாரை உட்காரவைத்துக் காபி கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு செக்யூரிட்டி ஓடிவந்தார். என் காதருகே குனிந்து, “மேடம், போட்டோல காட்டுனீங்கள்ல, அந்த ஆளு வந்துட்டாரு. ஒரு கும்பலா வந்திருக்காங்க. கேட்டுலயே நிறுத்தி வெச்சிருக்கோம்” என்றார்.

கும்பலாகவா? நாசமாய்ப் போச்சு என்று மனசுக்குள் அலறிக்கொண்டே ஓடினேன். என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார்.

கேட்டுக்கு வெளியே மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டு நின்றார்கள். பழத்தட்டு, பூத்தட்டு ஏந்திய பங்காளி வீட்டுப் பெண்கள் ரோட்டோரத்தில் ஒதுங்கியிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் என் அண்ணன் மகன். முகம் மழித்து, வேட்டி சட்டையில், புடவையும் மாலையும் வைத்த பெரிய பித்தளைத் தட்டை இரண்டு கையாலும் ஏந்தியபடி நின்றான். சீர்த்தட்டை எடுத்தால் மண்டபத்துக்குள் கொண்டுபோய்த்தான் இறக்கவேண்டும், வழியில் கீழே வைக்கக் கூடாது. அந்தத் தட்டுக்கு மேலே செக்யூரிட்டியின் லத்தி குறுக்கே நீண்டிருந்தது.

அவன் பக்கத்தில் நின்றிருந்த அண்ணன் என்னைப் பார்த்தான். “இந்த ஆளு என்னிய பத்திரிக கேக்கறாரு பாப்பா. என் பேரப் போட்டு அடிச்ச பத்திரிக” என்றான்.

“அய்யோ அண்ணே, அவுங்களுக்கு ஆளு தெரியாதுண்ணே” என்று சொல்லி முடிப்பதற்குள், அந்தச் செக்யூரிட்டி தன்மேல் குற்றமில்லை என்று காட்டவேண்டுமே என்று போனை எடுத்து நீட்டினார். “பெரியவர நாங்க ஒண்ணும் சொல்லலீங்க. இந்தத் தம்பிய மட்டும் விடக்கூடாதுன்னு மேடம்தான் போட்டோ குடுத்தாங்க.”

அண்ணன் போனை வாங்கிக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தான். மாசி மகத்துக்கு எடுத்த போட்டோ. மற்றவர்களை வெட்டிவிட்டு மகனை மட்டும் அனுப்பியிருந்தேன். ஆனால் அவன் தோள்மேல் வளையல் போட்ட கை ஒன்று மிச்சமிருந்தது. என் கைதான். அண்ணன் போனைத் திருப்பிக் கொடுத்தான். தட்டோடு திரும்புங்கடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். வாசல்வரை வந்த தாய்மாமன் சீர் திரும்பிப் போனால் அந்தப் பெண்ணை யார் மேடையேற்றுவது?

மகன்தான் பேசினான். “அத்தை, கை வலிக்குது. உள்ள வரட்டா, இல்ல இங்கியே தட்ட வாங்கிக்கறீங்களா?”

“வாப்பா. வா சாமி, உள்ள வா” என்று லத்தியை நானே பிடித்துத் தள்ளினேன். பன்னீர்ச் செம்பை எங்கே வைத்தேனோ தெரியவில்லை. அழுதுகொண்டே அவனுக்கு முன்னால் நடந்தேன். மேளம் மறுபடி ஒலித்தது.

அண்ணன் மாலை போட்டான். என் மகள் காலில் விழுந்தாள். தலையில் கை வைத்து, “நல்லா இரு தாயி” என்றான். அவன் குரல் உடைந்தது, முகம் மட்டும் இறுகியே இருந்தது. மேடையில் மகன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினான். அந்தக் கை விடுபடும்வரை என் உயிர் என்னிடத்தில் இல்லை. கீழே இறங்கியதும் அவனைத் தூண் பக்கம் இழுத்துப் போய், வேப்பூரில் அப்படிச் சொன்னது நிஜமா என்று கேட்டேவிட்டேன்.

“சொன்னன் அத்தை. குடிச்சிருந்தன். இல்லன்னு சொல்ல மாட்டன்” என்றான். “அப்பாவுக்குத் தெரிஞ்சு அறைஞ்சாரு. பெரிய தட்டு நீதான் தூக்கணும்னு சொல்லிட்டாரு. ரெண்டு கையும் தட்டுல இருந்தா வேற எதுவும் செய்ய முடியாதுல்ல, அதுக்குத்தான்.”

அப்படியானால் என் மகள் கல்யாணத்துக்கு அண்ணனும் காவல் போட்டிருக்கிறான். சீருடை இல்லாமல், ஊருக்குத் தெரியாமல், தன் பிள்ளைக்கே போட்டிருக்கிறான். எனக்கு அந்தத் தூணிலேயே முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

பந்தியில் முதல் இலை தாய்மாமனுக்கு. இலை போட்டுவிட்டுத் தேடினால் அண்ணனைக் காணவில்லை. கேட்டுப் பக்கம் ஓடினேன். வேனில் ஏறி உட்கார்ந்திருந்தான். விசேஷ வீட்டில் சாப்பிடாமல் கிளம்புவது எங்களில் உறவை அறுப்பதற்குச் சமம். “அண்ணே, ஒரு வாய்ண்ணே. தண்ணியாச்சும் குடிண்ணே” என்று வேன் கதவைப் பிடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“காலைல முகூர்த்தத்துக்கு வருவன். மாமன் செய்யவேண்டியது ஒண்ணுவிடாம செய்வன். அதுல கொற வெக்க மாட்டன்” என்றான் அண்ணன். என் முகத்தைப் பார்க்கவில்லை. “சோறு மட்டும் எறங்காது பாப்பா.”

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பட்டுப்புடவை, ஊர் பார்க்கிறது, எதுவும் நினைப்பில்லை. பந்தி முடிகிற நேரத்துக்கு அவன் மகன் மண்டபத்திலிருந்து துண்டில் வாயைத் துடைத்தபடி வந்தான். என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அப்பன் காதில் விழாதபடி சொன்னான்.

“அழுவாதீங்க அத்தை. அப்பாவுக்குப் போட்ட எலைல நான் உக்காந்து சாப்ட்டன். பாயசம் ரெண்டு வாட்டி கேட்டு வாங்கனன்.”