தையல் ஆயில்

பனியன் கம்பெனியில் டெய்லருக்குத் துணி கைமடித்துக் கொடுக்கிற வேலையில் நுழைந்தவன் நான். இன்று நாற்பது மிஷின் ஓட்டுகிறேன். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. அதனால் எதுவும் குறைந்துவிடவில்லை. முதலாளி ஆன பிறகும் காலையில் மிஷின்களுக்கு எண்ணெய் விடுவது நான்தான். அதில் அடுத்தவன் கை படக் கூடாது.

குழந்தைத் துணிக்கு வாசனை ஏற்றித் தர முடியுமா என்று துணி வாங்குகிற பையர் ஒருவர் கேட்டிருந்தார். கெமிக்கல் ஏஜெண்ட் சாம்பிளை வைத்துவிட்டுப் போனில், "தயசோலு மேசை மேல இருக்குதுங்க" என்றான். என் காதில் 'தையல் ஆயில்' என்று விழுந்தது. லேபிளோ இங்கிலீஷில். பாட்டிலில் தண்ணீர் மாதிரி நிறமே இல்லை. சாயப்பட்டறையில் வேலை பார்த்து மழுங்கிய என் மூக்குக்கு லேசாக ஒரு பச்சை வாடை. வெளிநாட்டுச் சரக்கு என்று மெச்சிக்கொண்டு, கடைசி வரிசை ஆறு மிஷினுக்கும் விட்டேன்.

மிஷின்கள் சூடேறியதும் டெய்லர்கள் ஒவ்வொருவராகத் தலைதூக்கினார்கள். தக்காளிச் செடிக்குள் நடந்தால் கையில் ஒட்டுமே, அந்த வாடை. செடி, மண் எதுவும் இல்லாத ஹாலில் அது ஆளுயரத்துக்கு எழும்பி நின்றது. கரண்ட் போனால் தணிந்தது. வந்தால் திரும்ப எழுந்தது.

கடைசி வரிசையில் உடுமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி. அவள் புருசன் தக்காளிக் காட்டில் பாம்பு கடித்துச் செத்து ஒரு வருசம் ஆகவில்லை. அவள் தைப்பதை நிறுத்திவிட்டாள்.

"அவரு வந்துட்டாருங்க மொதலாளி."

சுடுகாட்டுப் பக்கத்துக் கொட்டகையில் தனியாகப் படுத்து எழுந்தவன் நான். நானே ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

ஏஜெண்டுக்குப் போன் போட்டேன். பதறிப்போனான். சட்டென்று தீப்பிடிக்கிற சரக்காம், மெயினை அணைக்கச் சொன்னான். தண்ணீரோடு சேராதாம், தொட்டி நிறைய நீரில் ஒரு சொட்டு விழுந்தாலும் மூக்குக்குத் தெரியுமாம். "தயசோலுங்கறது துணிக்கு ஏத்தற வாசனைக் கெமிக்கலுங்க, தையல் ஆயில் இல்லீங்க. தக்காளி இலை வாசமே இதுதானுங்க. செடிக்குள்ள இருக்கறதத்தான் பாட்டில்ல அடைச்சிருக்குது."

மெயினை அணைத்தேன், சன்னல்களைத் திறந்தேன். ஆறு பேரையும் கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்றேன். அப்படிச் சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"அப்ப அவரு வரலீங்களா?"

"இல்ல கண்ணு. நான் ஊத்துன சரக்கு."

ஐந்து மிஷின்களைத் துடைத்து முடித்து அவளுடையதற்கு வந்தேன். மிஷின் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"இத மட்டும் நாளைக்குத் தொடச்சுக்கலாமுங்களா?"

யார் பேச்சுக்கும் இறங்காதவன், துணியை மடித்துப் பையில் வைத்தேன்.

மறுநாள் துடைக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. காற்றில் போய்விடுகிற சரக்கு. அவள் ஊசிப் பக்கம் குனிந்து வெகுநேரம் முகர்ந்தாள். பிறகு தைத்தாள். பக்கத்து ஸ்டூலில் மட்டும் அன்று யாரையும் உட்கார விடவில்லை. நானும் உட்காரச் சொல்லவில்லை.