நம்பரை மறைக்கவும்

1. மாமாவின் பழைய பைக்கை நட்டு நட்டாகப் பிரித்தேன்.
2. வண்டியின் பிரேமையும் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையும் பதினொரு சில்லறைப் பாகங்களையும் திருமங்கலம் ரோட்டில் உள்ள பெயிண்ட் பொடியைச் சூட்டில் உருக்கி ஏற்றும் பவுடர் கோட்டிங் பட்டறையில் கொடுத்தேன்.
3. என்னென்ன செய்ய வேண்டும் என்று தமிழில் எழுதி, பட்டறைச் சுவரில் நானே ஒட்டிவிட்டு வந்தேன்.
4. எழுதியபடியே செய்திருந்தார்கள்.

நான்காவதுதான் பிரச்சினை.

மாமா வாடிப்பட்டியில் பள்ளி ஆசிரியர். அந்த பைக்கில்தான் தினமும் பள்ளிக்கூடம் போவார். வண்டிக்குப் பதினைந்து வருடம் முடிந்துவிட்டதால் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. "அதுக்குள்ள ஒனக்குப் பிடிச்ச மாதிரி மாத்திக் குடு பாப்பா" என்று சாவியைத் தந்தார். மெக்கானிக்கல் படித்த எனக்கு இது முதல் முழு வண்டி. ஆர்டிஓ ஆபீசில் தகராறு வரக் கூடாது என்று நிறத்தைக்கூட ஆர்சியில் உள்ள அதே கறுப்பாகவே வைத்தேன்.

பிரேமை எடுக்கப் போன சனிக்கிழமை, பட்டறைக்கார அண்ணன் அதை மேஜையில் சாய்த்து வைத்துக் காத்திருந்தார். ஹேண்டில்பார் வந்து சேரும் கழுத்துப் பகுதியைக் காட்டினார்.

"தடவிப் பாரும்மா. இந்த எடத்துல நம்பர் இருந்துச்சுன்னு எவனாச்சும் சொல்லிருவானா?"

தடவிப் பார்த்தேன். முட்டை ஓடு போல வழவழப்பாக இருந்தது.

"எங்கண்ணே நம்பர்?"

"அதான் மறைச்சாச்சே! சூடு தாங்குற பட்டியப் பள்ளத்துல அப்பி, தேச்சு, அதுக்கு மேல பவுடர். எம்புட்டு வேலைன்னு நெனைக்கிற?"

சுவரைப் பார்த்தேன். என் கையெழுத்தில், ஆறாவது வரி: சேஸிஸ் நம்பரை மறைக்கவும்.

பவுடர் படக் கூடாத இடத்தில் டேப் ஒட்டுவதைக் கல்லூரியில் மாஸ்கிங் என்று படித்தேன். அண்ணனுக்குப் புரியட்டும் என்று அதைத் தமிழில் எழுதினேன். அந்தப் பட்டறையில் அதற்கு 'டேப் அடிக்கிறது' என்றுதான் சொல்வார்கள். போல்ட் மாட்டும் மரை உள்ள ஓட்டைகளுக்கு 'ரப்பர் கார்க் போடவும்' என்று சரியாக எழுதியவள், இங்கே மட்டும் மறைக்கச் சொல்லியிருந்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அடிப்பாவி! திருட்டு வண்டியோன்னுகூட ஒரு நிமிசம் யோசிச்சேன். அப்புறம் பொம்பளப்புள்ள இம்புட்டு நீட்டா லிஸ்ட் போட்டுக் களவாங்குமான்னு விட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆர்டிஓ ஆபீசில், இரும்பில் குத்தியிருக்கும் அந்த நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பார்கள். பதினேழு எழுத்தும் ஆர்சியோடு ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் மாமா ஓட்டுவதற்கு வண்டி இல்லை.

அங்கேயே நின்று எடுத்தோம். அவர் சூடான காற்றடிக்கும் ஹீட் கன்னைப் பிடித்துக்கொண்டார். பவுடர் இளகியதும் நான் சுரண்டினேன், பிறகு பட்டியை ஊசியால் ஒவ்வொரு எழுத்தாகக் கிளறினேன். ஊசி வழுக்காமல் இருக்க முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டேன். முதல் எழுத்து தெரிந்தபோது அண்ணன் "வந்துருச்சு" என்றார், பிரசவம் பார்த்தவர் போல.

நடுவில் மாமா போன் செய்தார். "என்ன பாப்பா, வண்டி மினுங்குதா?"

"மினுங்குது மாமா. நம்பர் மட்டும் மினுங்கல." முழுவதையும் சொன்னேன்.

மாமா, "எம் பயலுக பரீட்சைல கேள்விய மாத்திப் புரிஞ்சு எழுதுவாய்ங்க. நீ கேள்வியவே மாத்தி எழுதிருக்க" என்றார். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

பன்னிரண்டாவது எழுத்தில்தான் சிக்கியது. ஆர்சியில் அது 8. இரும்பில் இடது பக்கக் கோடு பாதிதான் இருந்தது. பழைய பெயிண்டை எடுக்க மணல் அடித்தபோது தேய்ந்ததா, என் ஊசி கீறியதா, ஆரம்பத்திலேயே அப்படித்தான் இருந்ததா, தெரியவில்லை. பிரிப்பதற்கு முன் நாற்பது படம் எடுத்திருந்தேன். ஒன்றில்கூட அந்த இடம் இல்லை. வீட்டுக்கு வந்து ஒன்பது முறை பென்சில் தேய்த்துப் பார்த்தேன். ஆறு தாளில் 8, மூன்றில் 3.

இன்று செவ்வாய்க்கிழமை. பாகங்களை எல்லாம் மாட்டி வண்டியைப் பூட்டி முடித்துவிட்டேன், ஸ்டார்ட் ஆகிறது. நம்பர் உள்ள இரண்டு விரல் அகல இடம் மட்டும் வெறும் இரும்பு, துரு ஏறாமல் எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். பதினேழில் பதினாறு எழுத்து தெளிவாக இருக்கிறது. மாமா பஸ்சில் பள்ளிக்கூடம் போய்வருகிறார். வியாழக்கிழமை காலை நாங்கள் இருவரும் ஆர்டிஓ ஆபீசுக்குப் போகிறோம்.