மயூரியின் பின்பிரேக்

லிங்கியில் குடியிருக்கும் மயூரிக்கு நாற்பத்தொரு வயது. நீலாயில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறாள். வேலைக்குப் போக ஒரு சாதாரணக் கார் உண்டு. ஞாயிற்றுக்கிழமைக்கென்று இருபத்தைந்து வருடப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றும் வைத்திருக்கிறாள். இரண்டே இருக்கை, துணிக்கூரை. அதன் வேலையை யாரிடமும் கொடுப்பதில்லை. பழுது பார்க்கும் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு தானே உட்கார்ந்துவிடுவாள்.

சென்ற மாதம் பின்பிரேக் கிறீச்சிட ஆரம்பித்தது. புது பிரேக் பேட் வாங்கி, ஒரு ஞாயிறு காலை இடது பின்சக்கரத்தைக் கழற்றினாள். பழைய பேட் அநேகமாகத் தகடுவரை தேய்ந்திருந்தது. புதியது தடிமன். அது நுழைய வேண்டுமானால் பேட்டை அழுத்தும் பிஸ்டன் உள்ளே போயாக வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று படிப்பதற்குள் பக்கத்து வீட்டுத் தங்கராஜு வந்து நின்றார். எண்ணெய்க்கான செம்பனைக் குலைகளைத் தோட்டத்திலிருந்து ஏற்றும் லோரியை முப்பது வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருவில் யார் கார் பழுதானாலும் முதலில் அங்கே நிற்பது அவர்தான்.

கிளாம்ப் என்ற இறுக்குப்பிடியைப் போட்டு அமுக்கினால் போதும் என்றார். படித்துவிட்டுச் செய்யலாம் என்று மயூரி இரண்டு தடவை சொன்னாள். அதற்குள் அவர் தன் வீட்டு கிளாம்பைக் கொண்டுவந்து முறுக்கத் தொடங்கிவிட்டார். பிஸ்டன் அசையவில்லை.

"எத்தன லோரி பாத்துருக்கேன். இதெல்லாம் ஒரு வேலயாம்மா?"

இன்னும் இறுக்கினார். கிளாம்ப் வழுக்கி, பிஸ்டனைச் சுற்றியிருந்த ரப்பர் உறை கிழிந்தது.

மயூரி கைத்துணியைக் கீழே வைத்தாள்.

"அங்கிள், போதும். வீட்டுக்குப் போங்கோ. நான் கூப்பிடாமல் இனி வர வேண்டாம்."

அவர் கிளாம்பை எடுத்துக்கொண்டு போனார். அவளுக்கு அவர் மேல் எவ்வளவு எரிச்சலோ, முதலிலேயே கிளாம்பைப் பிடுங்காத தன் மேலும் அவ்வளவு எரிச்சல். புத்தகத்தில் நான்கே வரிதான் இருந்தது. இந்தக் காரின் பின்பிரேக்கில் பிஸ்டனைத் தள்ளக்கூடாது. ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டு, பின்னால் உள்ள சிறு போல்ட்டைக் கழற்றி, அந்தத் துளையில் ஆறு பட்டை உள்ள ஆலன் கீயை விட்டுத் திருப்பினால் பிஸ்டன் தானே உள்ளே போகும்.

புது ரப்பர் உறை வந்து சேரப் பத்து நாள் ஆனது. அதுவரை கார் மூன்று சக்கரத்தில் நின்றது. தெருவில் போன ஒவ்வொருவரும் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். தங்கராஜு மட்டும் கேட்கவில்லை.

அடுத்து வந்த ஞாயிறு இடது பக்கத்தை முடித்துவிட்டு வலது சக்கரத்தைத் தூக்கினாள். தங்கராஜு சாலையிலேயே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அங்கிருந்தே சொன்னார்.

"ஜாக்கி லேசா சாஞ்சிருக்குலா."

குனிந்து பார்த்தாள். சாய்ந்துதான் இருந்தது. அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. காரை இறக்கி, ஜாக்கியை நேராக வைத்து மறுபடி தூக்கினாள். நன்றி என்று சொன்னது அவருக்குக் கேட்டதோ என்னவோ.

மாலையில் சக்கரங்களை மாட்டி, பிரேக் பெடலைப் பலமுறை மிதித்து, அது கெட்டியான பிறகு சி ரூசா கடற்கரைச் சாலை வரை ஓட்டிப் பார்த்தாள். கார் சத்தமில்லாமல் நின்றது. திரும்பி வந்தபோது தங்கராஜு செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சத்தம் போய்விட்டதா என்று கேட்டார். போய்விட்டது என்றாள்.

"அப்ப முன்பிரேக்கையும் ஒருவாட்டி பாத்துருவோமா?"

"நானே பார்த்துக்கொள்வேன் அங்கிள்" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள்.