மைக்ரோ மாமாவின் வெறும் சுற்று

அலுவலகத்தில் அவரை மைக்ரோ மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நொடியைப் பத்து லட்சமாகக் கூறு போட்டால் வரும் துணுக்குக்கு மைக்ரோ நொடி என்று பெயர். மனுஷன் வாயைத் திறந்தால் அந்தப் பேச்சுத்தான். ஒரு காலத்தில் பெரியப்பா, சித்தப்பா, மாமன்மார் என்று வீடு கொள்ளாத சொந்தம் அவருக்கு. ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். கல்யாணமும் கைகூடவில்லை. மிஞ்சியது அக்கா ஒருத்தி. அவளும் அன்று சாயங்காலம் மகனோடு இருந்துவிட வெளிதேசம் கிளம்புகிறாள். விமான நிலையத்துக்கு அவள் பஸ் ஏறுமுன் ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று அரைநாள் லீவு சொல்லி வைத்திருந்தார்.

போகவிட்டதா அந்தப் பெட்டி? தடுப்பூசி மருந்து வைக்கிற குளிர்பெட்டி அது. உள்ளே இருக்கும் சென்சாருக்கு ஒரு சைகை கொடுத்து, சில மைக்ரோ நொடி பொறுத்து, அது சொல்லும் வெப்பத்தைப் படிக்க வேண்டும். முந்தினாலும் கெட்டது, பிந்தினாலும் கெட்டது. அதற்காக மாமா பெட்டியின் புரோகிராமில் ஒரு வெறும் சுற்று எழுதியிருந்தார்: வேறொன்றும் செய்யாதே, எண்ணிக்கொண்டே இரு, எண்ணி முடித்ததும் படி. சோதனையில் ஒழுங்காகத்தான் ஓடியது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய கடைசிப் பதிப்பை ஏற்றினால், உள்ளே கை வைத்தால் விறைக்கிறது, திரையிலோ அனல் பறக்கிறது.

என்னதான் நடக்கிறதென்று பார்க்க, நடுவே திரையில் ஒரு வரி எழுதும்படி சேர்த்தார். எண் சரியாக வந்தது. வரியை எடுத்தார், மறுபடியும் உளறல்.

அவருக்கு மகள் இருந்திருந்தால் அந்த வயசிருக்கும் மேனேஜர் பெண் எட்டிப் பார்த்தாள்.

"அந்த வரி அங்கயே கெடக்கட்டும் சார். வேலை செய்யுதுல்ல? நீங்க கிளம்புங்க, அக்கா காத்துக்கிட்டிருப்பாங்க."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுவரை போனார். வரியை எழுதப் பிடிக்கிற நேரம்தான் காத்திருப்பாகிறது; வரி நீண்டால் காத்திருப்பும் நீளும், குறுகினால் குறுகும். என்றைக்கோ ஒரு நாள் தப்பாகப் படித்துத் தொலைத்தால், கெட்ட மருந்து எந்தக் குழந்தைக்குப் போகுமோ. திரும்பி வந்து பையை இறக்கினார்.

பிடிபட்டபோது ஜன்னலில் வெளிச்சம் மங்கிவிட்டது. நாம் எழுதுவதைச் பெட்டியின் மூளையான சில்லுக்குப் புரிகிறபடி மாற்றித் தருவது கம்பைலர். கடைசிப் பதிப்பில் மட்டும், வேகத்துக்காக, வேண்டாததை வெட்டு என்று அதற்கு உத்தரவு. உத்தரவு போட்டவரும் மாமாதான். ஒன்றும் செய்யாமல் எண்ணுகிற சுற்று அதன் கண்ணுக்கு வெட்டிப் பொழுது; அடியோடு வழித்து எறிந்துவிட்டது. சில்லுக்குள்ளேயே ஓடும் டைமரைப் பார்த்துக் காத்திருக்கும்படி மாற்றி எழுதினார். அளந்து பார்த்தார். கச்சிதம். சொல்லிச் சந்தோஷப்படத் திரும்பினால், நாற்காலிகளெல்லாம் மேசைக்கடியில் தள்ளிக் கிடந்தன.

ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் பஸ் நின்ற இடம் காலி. போன் போட்டார்.

"தம்பி வந்துக்கிட்டிருக்கான்னு டிரைவரை நிறுத்தி வெச்சேன்டா," என்றாள் அக்கா. "பாவம், அவரும் எவ்ளோ நேரம்தான் சும்மா நிப்பாரு?"

மாமா பையை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே ஓரமாக உட்கார்ந்தார்.

"டேய், இருக்கியா?"

"இருக்கேன்க்கா."

அதற்கப்புறம் பேச ஒன்றும் இல்லை. வைக்கவும் இருவருக்கும் மனசில்லை. பஸ்ஸின் இரைச்சல் மட்டும் அவர் காதில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கேயோ ஒரு சுரங்கப்பாதைக்குள் நுழைந்திருக்க வேண்டும், லைன் அறுந்து அந்த இரைச்சலும் நின்றது. அவர் போனைக் காதிலிருந்து எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.